டிலோனின் பலூன்களும் சின்னக் கோயில் திறப்பும்

இயேசு, மரி, சூசை துணை

சுருவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் ஜொய்சிக்கு,

ஆண்டவர் விட்ட அளவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் குறையில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன். குறை ஏதும் இருந்தால் மறைக்காமல் எழுது. இந்தக் கடிதம் நீண்டுவிடும் என்று தெரிவதால், வழி தவறாமல் இருக்க முதலில் இலக்கம் போட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் சுகம்.
2. நீ அனுப்பிய டிலோனுடன் மூன்று நாள் போய்வந்த பயணம்.
3. நீ எங்கள் குரலைக் கேட்க விரும்பவில்லை என்பது.
4. வீட்டைப் பற்றிய என் சந்தேகம்.
5. சின்னக் கோயில் கதவுப் பூட்டின் திறப்பைப் பற்றி நான் சொன்ன பொய்.
6. நீ பதில் எழுதவேண்டிய கேள்விகள்.

இவற்றில் எதுவும் பிழையாகவும் இருக்கலாம். முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன் நான். ஒரு எல்லைக் கோட்டை மூன்று தரம் பார்த்தபிறகும் நாலாம் தரம் பார்க்கிறவன் என்று உனக்குத் தெரியும். ஆனால் மனதில் வைத்துக்கொண்டிருந்தால் நித்திரை வருகுதில்லை, ஆகையால் எழுதுகிறேன்.

முதலாவது. எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. கண்ணுக்கு விடுகிற மருந்தை அம்மாதான் நேரம் பார்த்து விடுகிறா, பாதி கன்னத்தில் விழுகிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ. அதைச் சாட்டாகச் சொல்லி வேலி கட்டுகிற வேலையை என்னிடம் தந்துவிட்டு, இந்த மூன்று நாளும் வாடகை வானின் முன் சீற்றில் இருந்து ஊர் பார்த்தா. படகில் ஏறும்போது அந்த நோ எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது. தீவுப்பக்கத்தில் பாட்டுக்குப் பெயர்போன இடங்களையும் பழைய கட்டடங்களையும் பார்க்க ஒரு சிநேகிதர் வருவார், அப்பா கூடப்போய்க் காட்டவேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். நல்லது என்று நினைத்தேன். நான் நாட்களைப் பிரித்து, படகு நேரங்களைக் குறித்து, ஒரு சின்னப் படமும் வரைந்து வைத்தேன். அமலதாஸின் வானை வாடகைக்குப் பேசினோம், ஓட்டியதும் அவர்தான். வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், மரியாதை தெரிந்தவர். ஆனால் அவருடைய பைக்குள் இருந்தவை எனக்குப் பிடிபடவில்லை. பூனைவால் போல மயிர் மூடிய இரண்டு ஒலிவாங்கிகள், சிவப்புப் புள்ளி அடித்துத் தூரம் அளக்கிற கைக்கருவி ஒன்று, பிறகு ஒரு பெட்டி நிறையப் பலூன்கள். கலியாணமும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. நாற்பது வயது மனிதருக்கு எதற்குப் பலூன் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பொம்பிளை கேக்கவேணுமெண்டு வந்திருக்கிறார், வெறுங்கையோட வரேலுமோ" என்று அம்மா சிரித்தா. அம்மாவின் கணக்கு வேறு. அவர் உன்னைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அவவே முடிவெடுத்து, கணவாய்க் கறியும் ஒடியல் கூழும் என்று தடபுடல் செய்தா. இரண்டாம் நாள் அவர் தன் மனைவியினதும் இரண்டு பிள்ளைகளினதும் படத்தைக் காட்டியபின்தான் கறி ஒன்றாகக் குறைந்தது.

ஊர்காவற்றுறைப் பெரிய கோயிலில்தான் முதற் பலூன் வெடித்தது. உள்ளே ஆளில்லாத நேரமாகப் பார்த்து, பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நடுவில் போய் நின்று ஊதினார். எங்களைப் பார்த்து, "ஒரு பத்துச் செக்கன் மூச்சுக்கூட விடாதேங்கோ" என்றார். ஊசியால் குத்தினார். ஜொய்சி, யுத்தம் நடந்த எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு யாராவது சும்மா நிற்பார்களா? நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். வெளியில் நின்ற அமலதாஸ் வானுக்குப் பின்னால் குந்திவிட்டார். பிறகு வெட்கத்தில், காற்றுக் குறைந்ததைப் பார்க்கிறமாதிரி டயரைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும்தான் அசையவில்லை. டிலோன் எங்கள் முகங்களைப் பார்த்தபின் பதறிப்போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள், நான் யோசிக்கேல்லை" என்று பலதரம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முதலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வெடித்தார், அதையும் எழுதத்தான் வேண்டும். வெடிக்கிற சத்தம் தனக்கு வேண்டாமாம், வெடித்தபிறகு வருகிறதுதான் வேண்டுமாம். வெடித்தபிறகு என்ன வரும்? ஆட்கள்தான் வருவார்கள். வெறுங் கட்டடத்தின் சத்தத்தைப் பதிய ஒருவர் கனடாவில் இருந்து இவ்வளவு தூரம் வருவார் என்று நான் எப்படி நம்புவது?

உருண்டியில் பழைய கோட்டைச் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். கரம்பனில் கூத்துப் பழக்குகிற கொட்டிலில் நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். தட்டுவதும் அளப்பதும் கொப்பியில் எழுதுவதுமாக இருந்தார். நான் எத்தனை அளவுகாரர்களுடன் வேலை செய்தவன்! ஒரு மனிதன் காணியை வாங்குவதற்காகப் பார்க்கிறானா சும்மா பார்க்கிறானா என்று அவன் மூலைக்குப் போகிற விதத்தில் தெரியும். இவர் எங்கே போனாலும் முதலில் மூலைகளுக்குத்தான் போகிறார்.

இரண்டாம் நாள் நெடுந்தீவு. சோளகக் காற்று இன்னும் விடவில்லை, படகு நன்றாக ஆட்டியது. குறிகட்டுவான் துறையில் டிலோன் படகு கேட்கப் போன நேரம், வான் சீற்றில் ஒரு தாள் கிடந்தது. மற்றவர்களுடைய தாளை வாசிக்கிறவன் நானில்லை. ஆனால் தலைப்பின் கீழ் இரட்டைக் கோடு போட்டிருந்தது. நான் உனக்குப் பழக்கிய கோடு அது, உன்னுடைய எழுத்து. நெடுந்தீவு, நயினாதீவு, வீட்டு விறாந்தை, சின்னக் கோயில் என்று இருந்தது, பக்கத்தில் "எல்லாம் நவம்பருக்கு முதல்" என்று இருந்தது. அடிப்பக்கம் மடித்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறாக இருந்திருக்குமோ தெரியாது.

நெடுந்தீவில் முருகைக்கற் கோட்டைக்குள் மூன்று பலூன் போயிற்று. கூரையில்லாத கட்டடத்தில் சத்தம் நிற்காது, மேலே போய்விடுகிறது என்று டிலோன் கவலைப்பட்டார். பிறகு அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் யாகப்புவின் வீட்டுக்குப் போனோம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருக்கிற இரண்டு மூன்று பேரில் யாகப்புவும் ஒருவர். என்னைக் கண்டதும், "என்ன மச்சான், கடலையும் அளந்து முடிச்சிட்டியோ" என்று கேட்டார். டிலோன் பாடச் சொல்லிக் கேட்டதற்கு, "கயிறில்லாமல் அம்பா வராது தம்பி, நான் என்ன ரேடியோவோ" என்றார். கடைசியில் ஒரு பனையில் கயிற்றைக் கட்டி, ஒரு பக்கம் யாகப்புவும் மறுபக்கம் டிலோனும் அமலதாஸும் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் பாட்டு வந்தது. "இழு தம்பி, பனையைப் பாவம் பாக்காதை" என்று இடையிடையே பேச்சும் விழுந்தது. டிலோனின் கை கொப்பளித்துவிட்டது. காணி வாங்க வந்தவர் கை கொப்பளிக்கக் கயிறு இழுப்பாரா என்று அந்த நேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் நடிப்பும் இருக்கலாம் என்று அதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் நயினாதீவில் அவர் பலூனை எடுக்கவேயில்லை. கோயிலில் அனுமதி கேட்டு, மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, மத்தியானப் பூசைக்குத் தவிலும் நாதஸ்வரமும் வாசிக்கிறதை வெளி வீதியில் ஒரு ஓரமாக நின்று பதிந்தார். திரும்பும் வழியில் சாட்டிக் கடற்கரையில் கால் நனைத்தோம். வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் நாலு மணி.

மூன்றாவது. இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். கடந்த மார்கழி நத்தார்ப் பண்டிகை தொடக்கம் நீ எங்களோடு ரெலிபோனில் கதைப்பதில்லை. கேட்டால் வேலை என்றாய். பிறகு, அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, கடிதம் எழுதுங்கோ என்றாய். அது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் கொப்பியில் குறித்துவைத்தவற்றைப் பார். பங்குனியில் அம்மா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினா, முற்றத்து வேம்பு முறிந்து குசினிக் கூரையில் விழுந்துவிட்டது என்று. நீ, "சந்தோசம் அம்மா, உடம்பைப் பாருங்கோ" என்று பதில் எழுதினாய். கூரை உடைந்ததற்கு என்ன சந்தோசம்? சித்திரையில் நான் குரல் அனுப்பி ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, ஒரு பூப்படம் வந்தது. நத்தாருக்கு முகம் பார்த்துக் கதைத்தபோதும் நீ எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய், அடுத்த சொல்லில் எங்களைப் பிடிக்கக் காத்திருக்கிற பரீட்சகர் மாதிரி. ஆகவே, நாங்கள் அனுப்புகிற குரலை நீ கேட்பதேயில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஏன் என்பதுதான் அடுத்தது.

நாலாவது. அன்று பின்னேரம் டிலோன் எங்கள் விறாந்தையையும் சாலை அறையையும் சிவப்புப் புள்ளி அடித்து அளந்தார். சுவர் சுண்ணாம்போ சீமெந்தோ என்று கேட்டார். தேத்தண்ணி குடிக்கும்போது, "அங்கிள், வீடு ஆற்றை பேரிலை, காணி உறுதிப் பத்திரம் கையிலை இருக்கோ" என்றார். அம்மாவிடம், "அன்ரி, நீங்கள் ரெண்டு பேரும் கனடாவிலை வந்து கொஞ்சக் காலம் இருக்க மாட்டியளோ" என்றார். அளவு, சுவர், உறுதி, கனடா, நவம்பருக்கு முதல். ஐந்தையும் ஒரே தாளில் வைத்துக் கோடு இழுத்தால் எங்கே போய் முடிகிறது? வீட்டை விற்றுவிட்டு எங்களை அங்கே எடுக்கப்போகிறாய், அதை எங்களிடம் வாயால் சொல்லத் துணிவில்லாமல் எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டு ஆளை அனுப்பியிருக்கிறாய். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஐந்தாவது. கடைசியாகச் சின்னக் கோயிலைத் திறந்துவிடும்படி கேட்டார். அதன் தெற்குச் சுவர்தான் எங்கள் காணியின் வடக்கெல்லை. அதை அளந்தால் எங்கள் காணியில் பாதியை அளந்தமாதிரி. கோயிலைப் பராமரிக்கிற மூப்பர் என்ற முறையில் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் நான், திறப்பு பங்குக் கோயிலில் இருக்கிறது, சாமியார் வெளியூர் போய்விட்டார் என்று சொன்னேன். அவருடைய முகம் விழுந்துபோயிற்று. "வெள்ளிக்கிழமை எனக்குப் பிளைற், அங்கிள். அந்த ஒண்டுதான் மிச்சம்" என்றார். அவர் போனபின் திறப்பை என் பழைய படங்கள் சுருட்டி வைத்திருக்கிற தகரக் குழலுக்குள் போட்டுவிட்டேன். இது பாவம்தான்.

ஆறாவதை நாளைக்கு எழுதுகிறேன், கண் நோகிறது.

வியாழக்கிழமை.

மகள், நேற்று எழுத முடியவில்லை. ஏன் என்று ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை அம்மா சாலை அறையைக் கூட்டும்போது தகரக் குழலைத் தூக்கி நகர்த்தினா. உள்ளே சத்தம் கேட்டது. "இஞ்சாருங்கோ, உங்கடை படங்கள் எப்ப துவக்கம் கிலுங்கத் தொடங்கினது" என்று கேட்டா. குழலைத் தலைகீழாகக் கவிழ்த்தா, திறப்பு விழுந்தது. "ஊராற்றை பொய்யையெல்லாம் மூப்பர் பாப்பார், மூப்பரின்ரை பொய்யை ஆர் பாக்கிறது" என்று சொல்லிவிட்டு, உடனே அமலதாஸை அனுப்பி டிலோனைக் கூப்பிட்டுவிட்டா. எனக்கு முகத்துக்கு நேரே எதையும் கேட்கத் தெரியாது. ஆறாவதில் உன்னிடம் கேட்க இருந்த கேள்விகளை ஒரு தாளில் படியெடுத்து, சின்னக் கோயிற் படியில் வைத்து அவருடைய கையில் கொடுத்தேன். முதற் கேள்வி, வீட்டை யார் வாங்குகிறார்கள். இரண்டாவது, எப்போது. மூன்றாவது, எங்கள் மகள் எங்கள் குரலைக் கேட்கக்கூட விரும்பாத அளவுக்கு நாங்கள் என்ன செய்தோம்.

முதலிரண்டையும் வாசிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார். படியில் குந்திவிட்டார். "அங்கிள், சொல்லமாட்டன் எண்டு ஜொய்சி என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. இதை வாசிச்சாப்பிறகு என்னாலை ஏலாது" என்றார்.

அவர் மேல் கோபிக்காதே. உன்னுடைய இடது காது இரண்டு வருடத்துக்கு முதலே போய்விட்டது என்றும், வலதும் நத்தார் தொடக்கம் குறைந்துகொண்டு போகிறது என்றும், ரெலிபோனில் வருகிற பேச்சு உனக்குப் பிடிபடுவதில்லை என்றும் சொன்னார். நவம்பரில் சத்திரசிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி வைக்கப்போகிறார்களாம். "அதுக்குப் பிறகும் கேக்கும் அங்கிள், ஆனா வேறை மாதிரிக் கேக்கும். பேச்சு விளங்கும். பாட்டு எப்பிடியிருக்குமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். பலூன் வெடித்தபின் சுவர்கள் திருப்பித் தருகிற அந்தப் பத்துச் செக்கன் எதிரொலியை வைத்து, நீ ரொறன்ரோவில் நின்று பாடினாலும் சின்னக் கோயிலுக்குள் நின்று பாடுகிறமாதிரிக் கேட்கச் செய்யலாமாம். வலது காது இருக்கும்போதே, நீ சின்ன வயதில் பாடிய இடங்களுக்குள்ளும் பாட்டுக் கேட்ட இடங்களுக்குள்ளும் நின்று உன் பாடற்குழுவோடு ஒருதரம் பாடவேண்டும் என்று கேட்டாயாம். டிலோனின் மனைவியும் அந்தக் குழுவில்தான் பாடுகிறாவாம். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா நித்திரை கொள்ளமாட்டார், எழும்பி இருந்து இலக்கம் போடுவார் என்றாயாம்.

அம்மா, "கூரை விழுந்ததுக்குப் பிள்ளை சந்தோசம் எண்டு எழுதினபோது நான் ஏசினனான்" என்று மட்டும் சொன்னா. நான் என் கொப்பியை நினைத்தேன். அந்த வேம்பு, அந்தப் பூப்படம், நீ எங்கள் வாயைப் பார்த்தது. அளவுகள் ஒன்றும் பிழையில்லை. நான் இழுத்த கோடுதான் பிழை.

பிறகு டிலோன், வான் சீற்றில் கிடந்த அந்தத் தாளை எடுத்து, மடித்திருந்த அடிப்பக்கத்தை விரித்துக் காட்டினார். உன்னுடைய இரட்டைக் கோட்டின் கீழ் கடைசி வரியில், "சின்னக் கோயில்: பலூன் வெடித்தபின், அப்பா வாசலில் நின்று என்னைக் கூப்பிடவேண்டும், முந்திக் கூப்பிடுகிறமாதிரி" என்று இருந்தது. அதை நான் இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கக் கண்ணாடி உதவவில்லை.

கோயிலைத் திறந்தேன். பாடற்குழு நிற்கிற மரப்பரணில் வௌவால் எச்சம்தான், மற்றபடி நீ பாடிப் பழகியபோது இருந்தமாதிரியே இருக்கிறது. பலூன் வெடித்தது, இந்த முறை நான் தூணைப் பிடிக்கவில்லை. பிறகு என்னை வாசலில் நிறுத்தினார்கள். நான் சத்தம் போட்டு எத்தனை வருடம்! முதல்தரம் கூப்பிட்டது கோயிலின் நடுவுக்கும் போகவில்லை. டிலோன், "பரணிலை நிக்கிற பிள்ளைக்குக் கேக்கவேணும் அங்கிள்" என்றார். இரண்டாம் தரம் குரல் உடைந்துபோயிற்று. மூன்றாம் தரம், "ஜொய்சி, பொழுதுபடுது, பாடினது காணும், வீட்டை வா பிள்ளை" என்று கூப்பிட்டேன். சுவர்கள் அதை வாங்கி வைத்திருந்து, மெதுவாகத் திருப்பித் தந்தன. அது அடங்கும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை, அமலதாஸ் உட்பட. அடங்கியபின் அம்மா, "உந்தச் சத்தத்தை இவ்வளவு காலமும் எங்கை வைச்சிருந்தனீங்கள்" என்று கேட்டா.

டிலோன் நாளைக்குப் புறப்படுகிறார். இந்தக் கடிதமும் அவருடைய பையில்தான் வருகிறது, ஒலிவாங்கிகளுக்குப் பக்கத்தில். என் குரலை வலது காதில் வைத்து, அளவான சத்தத்தில் கேள். கூட்டி வைத்தால் உள்ளதும் பழுதாகலாம், வைத்தியரைக் கேட்டுச் செய். கேட்டபிறகு, எந்த இடத்தில் தெளிவில்லை என்று எழுது. நான் இன்னொரு தரம் கூப்பிடத் தயார். இனி எங்களுடைய செய்தி எல்லாம் எழுத்தில்தான் வரும், அம்மாவும் எழுதுவதாகச் சொல்கிறா, எழுத்துப்பிழைக்கு என்னைக் குறை சொல்லாதே.

நாலாவதை மட்டும் நான் இன்னும் வெட்டவில்லை. உறுதியைக் கேட்டது எங்கள் இருவருக்கும் விசா எடுக்கத்தானாம், சத்திரசிகிச்சைக்கு அம்மாவும் நானும் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். வருவோம், அதில் மாற்றமில்லை. ஆனால் எங்கள் வயதில் அங்கே போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் காணவில்லை. ஆகையால் உறுதியின் பிரதியைத்தான் கொடுத்தனுப்புகிறேன், மூலம் அலுமாரியில் இருக்கும். தை மாதக் கடைசிக்குள் எங்களைத் திருப்பி அனுப்புவேன் என்று நீ கையெழுத்து வைத்து எழுதவேண்டும். விறாந்தையை அளந்தது சத்தத்துக்குத்தான் என்று டிலோன் சொல்கிறார். இருக்கலாம்.

மாதாவின் கை உன் இரண்டு காதிலும் இருக்கட்டும். பயப்படாதே, பயப்படுகிற வேலையை இந்த வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன். மருந்தை நேரத்துக்கு எடு, குளிரில் காதை மூடு, தனிய இருந்து அழாதே, அழ வந்தால் எழுது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி அம்மா சொன்னா. எங்கள் கந்தோரில் பிழைத்த கோட்டைச் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள். கீழே இருந்தது தெரியும்படி ஒற்றைச் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்தில் பிழைவிட்டவர் சுருக்கக் கையெழுத்து வைக்கவேண்டும். முதற்பக்கத்தைப் பார், அப்படியே செய்திருக்கிறேன். நீ எங்கள் குரலைக் கேட்க விரும்பவில்லை என்ற மூன்றாம் இலக்கம் பிழை.

உன் அப்பா,
ச. பஸ்ரியாம்பிள்ளை